ஐஸ் மலை பாக்கப் பெரிய கப்பல்

கப்பல்ல ஏறுறதுக்கு முந்தி நான் ஏறினதுலயே பெரிய வண்டி எங்க போடி–மதுரை ரயில்தான். அதுலயும் ஆண்டிபட்டி தாண்டுறதுக்குள்ள எலுமிச்சம்பழத்தை மோந்து பாக்க ஆரம்பிச்சிருவேன். போடிமெட்டு ஏறுற பஸ்சுன்னா கேக்கவே வேண்டாம். கல்யாணமாகி மொத மொத ஏலத்தோட்டத்துக்குப் போனப்ப, ஜீப்புல எங்க வீட்டுக்காரவுக புதுச் சட்டை மேலயே வாந்தி எடுத்தவ நான். இப்பேர்ப்பட்டவ கப்பலேறிப் போயி ஐஸ் மலையைப் பாத்துட்டு வந்தான்னா எங்க தெருவுல பாதிப் பேரு இன்னமும் நம்புறதில்லை. நம்பாட்டிப் போறாக. நான் எழுதி வச்சிர்றேன்.

இதுக்கெல்லாம் மூல காரணம் என் ஓரகத்தி சாந்தி, அதாவது என் கொழுந்தன் ராஜாங்கத்தோட பெண்டாட்டி. நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தப்ப ராஜாங்கம் அரை டவுசர் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போன பையன். பெறகு படிச்சு, அமெரிக்கா போயி, எஞ்சினியராகி, தலைமுடியில முக்கால்வாசியை அங்கனயே விட்டுட்டான். ஆனாலும் எனக்கு அவன் இவன்தான். அந்த வருசம் சாந்தி எனக்கு எழுதுனா: "அக்கா, பெரிய மாமாவை எப்படியாச்சும் கூட்டிட்டு வாங்க. எங்க வீட்டுக்கு வரமாட்டாகன்னு தெரியும். இங்க வடக்க அலாஸ்கான்னு ஒரு சீமையில ஐஸே மலையா நிக்கிதாம். குடும்பம் குடும்பமா கப்பல்ல போயிப் பாக்குறாக. கப்பல் யாரு வீடும் இல்லையே, அதுக்காச்சும் வருவாகளான்னு கேளுங்க. இவரு அண்ணனை நெனச்சு நெனச்சுச் சோறு எறங்காம இருக்காரு."

பெரிய மாமான்னு அவ சொன்னது எங்க வீட்டுக்காரவுகளை. நான் பேரு சொல்றதில்லை, அவுகன்னாலே எனக்கு அவுகதான். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை நின்னு போயி வருசக்கணக்காச்சு. சொத்துச் சண்டையும் இல்லை, வரப்புச் சண்டையும் இல்லை. எழுபதுகளோட கடைசியில, ஒரு மாசி மாசம், எங்க மாமியா தவறிப்போனாக. எங்க வழக்கத்துல தகப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைக்கணும், தாயிக்குக் கடைக்குட்டி வைக்கணும். ராஜாங்கத்துக்குத் தந்தி குடுத்தோம். "வந்திர்றேன், எனக்காக வச்சிருங்க"ன்னு பதில் வந்துச்சு. தேனியில இருந்து ஐஸ் பாளமா வாங்கி, மரத்தூள் போட்டுச் சாக்குல சுத்தி, ஏலக்காய் மூடை ஏத்துற ஜீப்புலயே கொண்டாந்து மாமியாவைச் சுத்தி அடுக்குனோம். அது கரையக் கரைய எங்க வீட்டுக்காரவுக ஆள் அனுப்பிக்கிட்டே இருந்தாக. மூணாம் நாளு ஊர்க்காரவுக கூடி, "இனி வைக்கக் கூடாதப்பா, எடுத்துருவோம்"னாக. மூத்தவுகளான எங்க வீட்டுக்காரவுகளே கொள்ளி வச்சாக.

அங்க என்னடான்னா பனி கொட்டி விமானமெல்லாம் நின்னு போச்சாம். ராஜாங்கம் வந்து சேர்றப்ப சாம்பலும் ஆத்துல கரைச்சாச்சு. வாசல்ல நின்னு அவன் அழுத அழுகைக்கு அக்கம் பக்கமெல்லாம் அழுதுச்சு. எங்க வீட்டுக்காரவுக மட்டும் அவன் மூஞ்சியைப் பாக்கலை. ஜீப்பை எடுத்துக்கிட்டு தோட்டத்துக்குப் போனவுகதான், தம்பி திரும்பிப் போற வரைக்கும் மலையை விட்டு எறங்கலை. ஆத்தா சாவுக்கு வராத கோவம்னு ஊரு சொன்னுச்சு. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

சாந்தி எழுதின சேதியை நான் சொன்னதும் அவுக, "ஐஸைப் பாக்குறதுக்கா அம்புட்டுத் தூரம்? நீ போயிட்டு வா, எனக்குச் சோலி கெடக்கு"ன்னாக.

"நான் தனியாப் போயி வாந்தி எடுத்துச் செத்தேன்னா கடல்லயே தூக்கிப் போட்டுருவாகளாம். பரவாயில்லையா?"ன்னேன்.

துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாக. முடியாதுன்னு சொல்லலையே, அது போதும் எனக்கு. சாந்திக்கு எழுதிட்டேன்.

பொறவு அவ கப்பல் படம் போட்ட வழவழப் புத்தகமா மூணு அனுப்பிட்டா. மதுரையில காலேஜு படிக்கிற எம் மக லீவுக்கு வந்தவ, வாசிச்சு வாசிச்சுத் தமிழ்ல சொன்னா. அதைக் கேக்கத் தெருவே கூடிருச்சு, பொண்ணு பாக்குற வீட்டுல கூட அம்புட்டுக் கூட்டம் கூடாது. ஒரு கப்பல் சின்னது. ஐஸுக்கு ஒட்டி, கைக்கு எட்டுற தூரத்துக்கே போகுமாம், ஆனா எல்லாரும் ஒரே நீள மேஜையில உக்காந்து சாப்பிடணுமாம். அவுக அதைக் கேட்டதுமே எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாக. ரெண்டாவது நடுத்தரம். மூணாவதுதான் பெருசு, மாடி மேல மாடி, ஊருல தேரு நிக்கிற மாதிரி. அதுல சாப்பாட்டுக்கு ரெண்டு பந்தியாம். மொதப் பந்தி சாயங்காலமே, ரெண்டாம் பந்தி இருட்டின பெறகு.

"ரெண்டு பந்தின்னா, மொதப் பந்தியில இருக்கிறவன் ரெண்டாம் பந்திக்காரனைப் பாக்கவே வேண்டியதில்லையா?"ன்னு தொழுவத்துல இருந்தே கேட்டாக.

"நெனச்சாக் கூடப் பாக்க முடியாதுப்பா"ன்னா எம் மக. அவ சமத்து.

எங்க ஜீப்பு ஓட்டுற செவனாண்டி அண்ணன் பெரிய கப்பலுக்கே ஓட்டுப் போட்டாரு. "ஆத்தா, லோடு இல்லாத ஜீப்பு துள்ளும், லோடு ஏத்துன ஜீப்பு அடங்கி நடக்கும். நீங்க வாந்திக்காரவுக. கப்பல்னாலும் பெருசாப் பாருங்க"ன்னாரு. அது சரியான பேச்சுன்னு எல்லாரும் தலையாட்டினோம். அதோட நான் ஒரு யோசனையைச் சேத்துக்கிட்டேன். மலை ரோட்டுல முன்சீட்டுக்காரிக்கு வாந்தி வராது, பின்சீட்டுக்காரிக்குத்தான் கொடலைப் பெரட்டும். இது போடியில கைப்பிள்ளைக்கும் தெரியும். அதனால கப்பலோட கூர் மூக்குக்குப் பக்கத்துல இருந்த அறையா எடுக்கச் சொல்லி எழுதினேன். நடுவுல எடுங்கன்னு கொழுந்தன் சொன்னதாச் சாந்தி பதில் போட்டா. வருசம் பூராம் மலை ஏறி எறங்குறவளுக்கு இவன் சொல்லித் தர்றானாக்கும்னு, "முன்சீட்டுதான் வேணும்"னு மறுபடி எழுதினேன்.

விமானம், விசா, அந்த இழவெல்லாம் இங்க வேண்டாம். கனடாவுல வான்கூவர்ங்கிற ஊருல கப்பல் நின்னுச்சு. துறைமுகத்துல ராஜாங்கமும் சாந்தியும் எங்களுக்கு முந்தியே வந்து காத்துக்கிட்டிருந்தாக. ராஜாங்கம் ஓடி வந்து எங்க ரெண்டு பேரு கால்லயும் விழுந்தான். நான் தூக்கி விட்டேன். அவுக கப்பலோட புகைக்கூண்டைப் பாத்துக்கிட்டு, "நல்லாயிருக்கட்டும்னு சொல்லு"ன்னாக என்கிட்ட. அங்கன ஆரம்பிச்சது என் உத்தியோகம். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவுல தபாலாபீசு நான்தான்.

"அவங்கிட்ட சொல்லு, காதை மூடிக்கச் சொல்லி. குளிர்காத்து பட்டா அவனுக்குச் சின்னதுல இருந்தே காது வலிக்கும்."

"மதினி, அண்ணனுக்குக் கம்பளிச் சட்டை பத்துமான்னு கேளுங்க."

ரெண்டு பேருக்கும் நடுவுல ரெண்டு முழம் இருக்காது. இவுக சொன்னது அவனுக்குக் கேக்கும், அவன் சொன்னது இவுகளுக்குக் கேக்கும். இருந்தாலும் நான் ஒரு தடவை திருப்பிச் சொன்னாத்தான் செல்லும்.

கப்பலுக்குள்ள போனா, அடேயப்பா! தரையெல்லாம் கம்பளம், சுவரெல்லாம் கண்ணாடி, மேல் மாடியில நீச்சக் குளம். சுத்திக் கடலை வச்சுக்கிட்டு உள்ள எதுக்கு ஒரு குளம்னு எனக்கு இன்னமும் வெளங்கலை. சாயங்காலம் மொதப் பந்திக்குப் போனோம். எங்களுக்குன்னு எழுதியிருந்த மேஜையில ராஜாங்கமும் சாந்தியும் ஏற்கெனவே உக்காந்திருந்தாக. அவனும் தெகச்சுப் போயி எந்திரிச்சு நின்னான், ரெண்டாம் பந்திக்குத்தான் எழுதிக் குடுத்திருந்தானாம். விசாரிச்சா, அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் பேருக்குப் பின்னால தகப்பன் பேரு இருக்குல்ல, அதைப் பாத்துட்டு ஒரே குடும்பம்னு கப்பல்காரங்களே ஒரே மேஜையில போட்டுட்டாங்களாம். மண்டபம் நெறஞ்சிருச்சு, மாத்த முடியாதுன்னுட்டாங்க. எங்க மாமனாரு செத்து எத்தனையோ காலமாச்சு, மக்க ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துல உக்கார வச்சுட்டாருன்னு மனசுக்குள்ள கும்பிட்டுக்கிட்டேன். அவுக முகம் சுண்டிப் போச்சு, ஆனா பந்தியில இருந்து எந்திரிச்சுப் போறது எங்க வீட்டுல பழக்கமில்லை.

அதே மேஜையில ஹென்றி, மார்த்தான்னு ஒரு வயசான வெள்ளைக்காரத் தம்பதி. கோதுமைக் காடு வச்சிருக்கிற சம்சாரிக. மார்த்தா கொஞ்ச நேரம் எங்களைப் பாத்துட்டுச் சாந்தி காதுல கேட்டதைச் சாந்தி எனக்குத் தமிழ்ல சொன்னா: "அந்த ரெண்டு ஆம்பளைகளும் ஒரே மூக்கும் ஒரே காதுமா இருக்காங்க, ஆனா ஏன் பேசிக்கிறதில்லை?"

அதுக்கு ஹென்றி, "எனக்கும் என் தம்பிக்கும் ஒரு டிராக்டரால பேச்சில்லை. அது மாதிரி ஏதாவது இருக்கும், நீ சூப்பைக் குடி"ன்னாராம்.

சாப்பாடு பாக்கத்தான் அழகு. மீனுல உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. நான் கொண்டு போன நார்த்தங்காய் ஊறுகாயை மேஜையில எடுத்து வச்சேன். மார்த்தா ஒரு துண்டை வாயில போட்டுட்டுக் கண்ணுல தண்ணி வர, இன்னொரு துண்டும் கேட்டுச்சு. நல்ல பொம்பளை. தண்ணித் தம்ளர் நெறய ஐஸ்கட்டி போட்டு வச்சிருந்தாங்க. அவுக அதை ஒவ்வொண்ணா கரண்டியில எடுத்துத் தட்டுல போட்டாக. கடைசிக் கட்டி வரைக்கும். ராஜாங்கம் அதைப் பாத்துக்கிட்டே இருந்தான்.

பரிமாறுன பையன் ஒரு கரண்டியைத் தவற விட்டுட்டு, "எந்தா இது"ன்னு முணுமுணுத்தான். அவ்வளவுதான், அவுகளுக்கு முகம் மலந்து போச்சு. தோட்டத்துல வேலைக்கு வர்றவுக பாதிப் பேரு மலையாளத்துக்காரவுக, அதனால எங்க வீட்டுக்காரவுகளுக்கு மலையாளம் நல்லா வரும்.

"நாடு எவிடயா?"

"நெடுங்கண்டம் சாரே!"

"எடா, ஞான் போடி!"

மலைக்கு அந்தப் பக்கம் நெடுங்கண்டம், இந்தப் பக்கம் போடி. ரெண்டு பேரும் கட்டிப் பிடிக்காத குறை. பையன் பேரு தங்கச்சன். அவுக மடியில இருந்து எங்க தோட்டத்து ஏலக்காயை ஒரு கை அள்ளிக் குடுத்தாக. அதுக்குப் பெறகு எங்க மேஜைக்கு மட்டும் ஏலக்காய் டீ வந்துச்சு, பக்கத்து மேஜைக்காரங்க மூக்கைத் தூக்கித் தூக்கிப் பாத்தாங்க.

மறுநாளு கரையோரத் தீவுகளைத் தாண்டிக் கப்பல் தெறந்த கடலுக்குள்ள போச்சு. அன்னைக்குத்தான் என் முன்சீட்டோட லட்சணம் தெரிஞ்சது. கப்பல் மூக்கைத் தூக்கி அலை மேல ஏறும், 'தொபுக்'குன்னு கீழ எறங்கும். ஏறுறப்ப என் வயிறு கீழ போகும், எறங்குறப்ப வயிறு தொண்டைக்கு வரும். போடிமெட்டுல ஏறி எறங்கினப்ப எடுத்த மொத்த வாந்தியையும் ஒரே நாளுல எடுத்தேன். எலுமிச்சம்பழம் கசங்கித் தோலாப் போச்சு. தங்கச்சன் கஞ்சித் தண்ணி கொண்டாந்து குடுத்துட்டு, "சேச்சி, கப்பல்ல முன்னாடிதான் தூக்கிப் போடும். நடுவுலதான் சுகம். யாரும் சொல்லலையா?"ன்னான். சொன்னான்டா, என் கொழுந்தன் சொன்னான், நான்தான் கேக்கலைன்னு தலையில அடிச்சுக்கிட்டேன்.

சாந்தி என் தலையைப் பிடிச்சுக்கிட்டு அறையிலயே இருந்துட்டா. ஆக அன்னைக்குப் பந்திக்குப் போனது அண்ணனும் தம்பியும் மட்டும்தான், நடுவுல தபாலாபீசு கெடையாது. என்ன நடந்துச்சோன்னு கதவையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். பெறகு தங்கச்சன்தான் சொன்னான். அவுக தங்கச்சன்கிட்ட மலையாளத்துல, "அந்த சாருக்கு ஆட்டுக்கறின்னாப் பிரியம், நல்ல துண்டாக் கொண்டா"ன்னாகளாம். ராஜாங்கம் தங்கச்சன்கிட்ட இங்கிலீசுல, "அவருக்குத் தண்ணியில ஐஸ் போடாதீங்க, இனிமே எப்பவும் போட வேண்டாம்"னானாம். ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சு சாப்பிட்டுட்டு, வாசல்ல 'நீ போ', 'நீங்க போங்க'ன்னு வாயால சொல்லாம ஒருத்தருக்கு ஒருத்தர் வழி விட்டுக்கிட்டு நின்னாகளாம். தங்கச்சன் இதைச் சொல்லிச் சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரலை. படுத்துக்கிட்டே அழுதேன்.

அடுத்த நாளு கப்பல் ஒரு சின்ன ஊருல நின்னுச்சு. மழைன்னா மழை, சாரல் விடவே இல்லை. மரத்தை நெட்டுக்கு நெட்டா நிறுத்தி அதுல கண்ணும் மூக்குமாச் செதுக்கி வச்சிருந்தாங்க அந்த ஊருப் பழங்குடி சனங்க. நான் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டேன், சாமியோ என்னமோ, கும்பிட்டா என்ன குறைஞ்சிருவோம். அங்கன இருந்து ஒரு பஸ்சுல மலை மேல கூட்டிட்டுப் போனாங்க. டிரைவரு மைக்குல, "வளைவு நெறய வரும், பயப்படாதீங்க"ன்னானாம். மொத்தமே ஏழெட்டு வளைவு. அவுக, "இவனைக் கொண்டு போயி நம்ம கொரங்கணி மலை ரோட்டுல விடணும்"னாக. ராஜாங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிச்சதை நான் பாத்தேன்.

ஏத்தத்துல ஒரு இடத்துல சக்கரம் சேத்துல மாட்டி, இஞ்சின் நின்னு, பஸ்சு லேசாப் பின்னால வழுக்குச்சு. வெள்ளைக்காரங்க 'ஓ'ன்னாங்க. நான் கண்ணை மூடித் தெறக்குறதுக்குள்ள எங்க ஆளுக ரெண்டு பேரையும் சீட்டுல காணோம். எட்டிப் பாக்குறேன், பின்சக்கரம் ரெண்டுலயும் ஆளுக்கொரு கல்லை அண்டக் குடுத்துட்டு, மழையில நனைஞ்சுக்கிட்டு, ரெண்டு பேரும் இடுப்புல கை வச்சு நிக்கிறாக. மலை ஜீப்புல வளந்தவுகளுக்கு வண்டி பின்னால போச்சுன்னா மூளை யோசிக்காது, கால் குதிச்சிரும், கை கல்லைத் தேடும். டிரைவரு எறங்கி வந்து, "பிரேக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனாலும் ரொம்ப நன்றி"ன்னான். அவுக தன் கல்லையும் தம்பி கல்லையும் மாறி மாறிப் பாத்தாக. தம்பி வச்ச கல்லு கொஞ்சம் சின்னது. அதைக் காலால தள்ளிட்டுப் பெரிய கல்லா ஒண்ணை உருட்டிக் கொண்டாந்து வச்சாக. பேச்சு மட்டும் வரலை. கல்லு வைக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு ஒரு வார்த்தை பேசத் தெரியலையேன்னு எனக்கு எரிச்சல் எரிச்சலா வந்துச்சு. ஊருக்குத் திரும்ப நாளு நெருங்குது, இப்ப விட்டா இனி எப்ப? ரெண்டு பேருக்கும் வயசு என்ன எறங்கியா வருது?

அதுக்கு மறுநாளுதான் ஐஸ் மலை. காலையிலயே ஒலிபெருக்கியில கூப்பிட்டாங்க. நான் மங்கி குல்லாய், ரெண்டு சேலை, அதுக்கு மேல கோட்டு, அதுக்கு மேல சால்வைன்னு மூட்டையாக் கெளம்பினேன். கப்பல் மெதுவ்வா ஒரு கடல் சந்துக்குள்ள நுழையுது. ரெண்டு பக்கமும் மலை. தண்ணியில ஐஸ்துண்டு மெதந்து வந்து கப்பல் வயித்துல 'டக்கு டக்கு'ன்னு இடிக்கிது. அதுல ஒரு துண்டு மேல கடல்நாயி ஒண்ணு ஒய்யாரமாப் படுத்துக்கிட்டு எங்களைப் பாக்குது, சோலியத்த சனங்கன்னு நெனச்சிருக்கும். எங்களைத் தாண்டி ஒரு சின்னக் கப்பல் ஐஸுக்குக் கிட்டக்க போச்சு. புத்தகத்துல பாத்தோமே, ஒரே மேஜைக் கப்பல், அது மாதிரி. பெரிய கப்பல் அம்புட்டுக் கிட்டப் போகாதாம். எங்க கப்பல் ஒரு வளைவுல திரும்புனுச்சு, ஆத்தாடி!

மலைக்கும் மலைக்கும் நடுவுல ஐஸ் செவரு. நம்ம ஊரு மரகதமலை உச்சியில இருந்து வழிஞ்சு வந்து கடல்ல நட்டுக்குத்தா நிக்கிற மாதிரி. வெள்ளைன்னு நெனச்சிருந்தேன், வெள்ளை இல்லை, நீலம் போட்டு அலசின வேட்டி நெறம். எந்தக் காலத்திலயோ பெஞ்ச பனி, கரையாம, ஒண்ணு மேல ஒண்ணு அமுங்கி அமுங்கி இப்படி ஆயிருக்குன்னு ராஜாங்கம் எனக்குச் சொன்னான். சொல்லிக்கிட்டிருக்கும்போதே மச்சு வீடு தண்டிக்கு ஒரு துண்டு பேந்து கடல்ல விழுந்துச்சு. விழுந்த பெறகுதான் சத்தம் வந்து சேந்துச்சு, இடி மாதிரி. எல்லாரும் கை தட்டினாங்க.

அவுக கை தட்டலை. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அந்தச் செவரையே பாத்துக்கிட்டிருந்தாக. தாடை ஆடுச்சு. குளிருன்னு நெனச்சேன். அவுகளுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ராஜாங்கம். என் பக்கம் திரும்பினாக.

"அவங்கிட்ட சொல்லு…"

"என்ன சொல்லணும்?"

கண்ணு ரெண்டும் செவந்து போயிருந்துச்சு. நான் இத்தனை வருசமா பாத்துக்கிட்டிருந்தது கோவக் கண்ணு இல்லைன்னு அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு.

"நான் சொல்லமாட்டேன்"னேன். "வாந்தி எடுத்து எடுத்துத் தொண்டை புண்ணாக் கெடக்கு. அவன் இந்தா இங்கனதான் நிக்கிறான். நீங்களே சொல்லுங்க."

நகந்து போயிச் சாந்தி பக்கத்துல உக்காந்துக்கிட்டேன். காது மட்டும் அங்கனதான் இருந்துச்சு. அவுக மறுபடி ஐஸ் பக்கம் திரும்பிக்கிட்டு, யாரையும் பாக்காம, "ராசு"ன்னாக. அவனைச் சின்னதுல கூப்பிடுற பேரு.

"அண்ணே."

"அன்னைக்கு இதுல ஒரு மூலை கெடச்சிருந்தாப் போதும்டா. நீ வர்ற வரைக்கும் ஆத்தாவை வச்சிருந்திருப்பேன்."

ராஜாங்கம் அவுக பக்கமாத் திரும்பினான். "நான் வரலைன்னு நீங்க கோவமா இருக்கீகன்னுல்ல அண்ணே…"

"கோவமா? உன் கொள்ளிடா அது. உன்னோடதை நான் எடுத்து வச்சுட்டேன். தேனியில ஐஸ் தீந்துருச்சுன்னான், மதுரைக்கு ஆள் விட்டேன். வர்ற வழியிலயே பாதி கரைஞ்சிருச்சு. அதுக்கு மேல என்னால ஒண்ணும் செய்ய முடியலைடா. உன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? அதான் மலைக்கு ஓடிட்டேன்."

ஒரே பானைச் சோத்தைத் தின்னுக்கிட்டு, ஒரே வீட்டுல படுத்து எந்திரிச்சவ நான், எனக்கு இது தெரியலை. இந்த மனுசன் தம்பி மேல கோவமாத் திரியலை, தம்பிக்குக் கடன்பட்டவன் கணக்கா ஒளிஞ்சு திரிஞ்சிருக்காக. ராஜாங்கம் அவுக கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டான். பெறகு மூக்கை உறிஞ்சிக்கிட்டுச் சொன்னான், "ஆத்தாவே அதுக்குத்தான் பிரியப்பட்டிருக்கும் அண்ணே. 'இவனுக்கு ஒரு தீக்குச்சி ஒழுங்காக் கிழிக்கத் தெரியாது, இவன் எனக்குக் கொள்ளி வச்சா நான் வெந்த மாதிரிதான்'னு என்னையச் சொல்லிக்கிட்டே இருக்குமே, மறந்துட்டீகளா?"

அவுக அழுதுக்கிட்டே 'க்ளுக்'குன்னு சிரிச்சாக. அவனும் சிரிச்சான். கோட்டுப் போட்ட ரெண்டு கெழட்டுப் பிள்ளைகளும் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறதா அழுகுறதான்னு தெரியாம நின்னாக. சாந்தி என் மடியில முகத்தை வச்சுக்கிட்டா. என்னாச்சுன்னு மார்த்தா கேட்டுச்சு. "பேசிட்டாங்க"ன்னா சாந்தி. மார்த்தா ஹென்றியை ஒரு பார்வை பாத்துச்சு. கப்பல்ல இருந்து தம்பிக்குப் போன் போட முடியுமான்னு ஹென்றி அன்னைக்கு மத்தியானமே விசாரிச்சாராம், தங்கச்சன் சொன்னான்.

அதுக்குப் பெறகு ஊரு போயிச் சேர்ற வரைக்கும் அண்ணனும் தம்பியும் பேசின பேச்சுக்கு அளவே இல்லை. ஐஸ் மலையும் தெரியலை, கடலும் தெரியலை. எங்க ஊருப் பக்கம் தேவாரத்துக் காட்டுல யானை எறங்குனது, இந்த வருசம் காய் பிடிச்சது, செவனாண்டி அண்ணன் ஜீப்பு, ஆத்தா வைக்கிற கோழிக் கொழம்பு. தங்கச்சனுக்குக் கூட எங்க மேஜையில பேச எடம் கெடைக்கலை. மொதப் பந்தி முடிஞ்சு ரெண்டாம் பந்திக்காரங்க வந்து நின்னாங்க, இவுக ரெண்டு பேரும் எந்திரிக்கலை.

ஐஸ் மலை பாத்த அன்னைக்குச் சாயங்காலம் மேல் மாடியில நாலு பேரும் உக்காந்திருந்தோம். குளிர்காத்து அடிச்சுச்சு. நான் அவுகளுக்கு இடது கைப் பக்கம், முட்டிக்கு முட்டி இடிக்க உக்காந்திருக்கேன். அவுக வலது பக்கம் திரும்பி, "ராசு, உன் மதினிகிட்ட சொல்லு, என் சால்வையக் கொண்டாரச் சொல்லி"ன்னாக.

"மதினி, அண்ணனுக்குச் சால்வை வேணுமாம்"னான் அவன்.

நான் எந்திரிச்சுப் போயிக் கொண்டாந்தேன். ரெண்டா, காது வலிக்கிற கொழுந்தனுக்கும் சேத்து.